தைப்பிங் வரை ஆடாமல்

பினாங்குக்கு நான் போனது இரண்டு இரும்புக் கம்பிகளைப் பார்க்க. விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு என்னை ஏற்றி வந்த டாக்சி ஓட்டுநர், கோயிலுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். இந்தியாவிலிருந்து தனியாக வரும் பெண்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் வருவார்களாம். கம்பிக்கு என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் ரேடியோவைப் போட்டார்.

கோவையில் குறிச்சிப் பக்கம் டிரெய்லர் செய்யும் பட்டறை ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டி வண்டி, ஜெனரேட்டர் வண்டி, டிராக்டருக்குப் பின்னால் போகும் வண்டி என்று எல்லாம் செய்வோம். சமீப காலமாகச் சிலர் வீட்டு வண்டி கேட்டு வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த ஓர் அறை. பிக்அப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். நாங்கள் அப்படி மூன்று வண்டிகள் செய்து கொடுத்தோம். அதில் ஒன்று பல்லடம் தாண்டி, நேர் சாலையில், வாலை ஆட்டிக் கவிழ்ந்தது. ஓட்டியவருக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

அந்த வண்டியின் முன்பாரம் பிக்அப்பின் பின்பக்கத்தை அழுத்துகிறது என்று அவர் புகார் சொன்னபோது, 'சாமானைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி ஏத்திக்குங்க சார்' என்று சொன்னவள் நான். அதை யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று, பாரத்தைப் பிரித்துத் தாங்கும் இழுகொக்கி ஒன்று இருக்கிறதாம், நிஜமாகவே பலன் தருகிறதா பார்த்துவிட்டு வாம்மா சுமதி என்று முதலாளி சொன்னபோது, மறு பேச்சில்லாமல் கிளம்பினேன்.

பினாங்கில் எனக்குத் தெரிந்தவர் சேகரன் அண்ணன் ஒருவர்தான். பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். ஒருமுறை எங்களிடம் சக்கர அச்சு விலை கேட்டு எழுதினார். அச்சை வாங்கவில்லை, ஆனால் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. சொந்தமாக ஒரு பழைய வீட்டு வண்டி வைத்திருக்கிறார். அதற்கு இப்போதுதான் அந்த ஹிட்ச் வாங்கி மாட்டியிருப்பதாகவும், வந்தால் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டுவதாகவும் எழுதியிருந்தார்.

முதல் நாள் மத்தியானம் நாசி கண்டார் சாப்பிட்டேன். சோற்றின் மேல் ஒரு குழம்பை ஊற்றி, அதன் மேல் இன்னொரு குழம்பை ஊற்றி, நிறுத்தச் சொல்வதற்குள் மூன்றாவதையும் ஊற்றிவிட்டார் கடைக்காரர். எங்கள் ஊரில் சாம்பாரும் மீன் குழம்பும் கலந்தால் சண்டை வரும். இங்கே கலப்பதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். முதல் கவளத்தில் சந்தேகமாக இருந்தது. கடைசிக் கவளத்தில், இன்னொரு தட்டு சொல்லலாமா என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை பெர்ரியில் அக்கரைக்குப் போனேன். பெர்ரி சரியாகத்தான் போனது. அதற்கப்புறம் ஏறிய பஸ்தான் தவறு. எனக்கு மாக் மண்டின் என்று உச்சரிக்க வரவில்லை. ஓட்டுநருக்கு நான் சொன்னது வேறெதுவோவாகக் கேட்டிருக்கிறது. அரை மணி நேரம் எதிர்த் திசையில் போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். பக்கத்தில் இட்லி விற்றுக்கொண்டிருந்த அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு இவர்கள் சொல்லும் சொல் அது. இந்த வார்த்தையை ஏன் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை என்று பொறாமையாக இருந்தது. இல்லையென்றதும் நான்கு இட்லியை வைத்துவிட்டு, நான் காட்டிய எண்ணில் சேகரன் அண்ணனுக்குத் தானே போன் பண்ணி, நான் நிற்கும் இடத்தைச் சொன்னார்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லி. சட்டைக் கையில் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். பட்டறைக்குப் பின்னால் உள்ள திடலில் வீட்டு வண்டி நின்றது. வெள்ளை நிறம், ஒற்றை அச்சு, பக்கத்தில் ஒரு நீலக்கோடு. முன்னால் பிக்அப். இரண்டுக்கும் நடுவில் நான் பார்க்க வந்த சாமான்.

பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. பிக்அப்பின் பின்னால் ஒரு கனத்த இரும்புத் தலை. அதிலிருந்து இரண்டு வில் கம்பிகள் வீட்டு வண்டியின் முக்கோணச் சட்டத்துக்குக் கீழே பின்னோக்கி நீள்கின்றன. கம்பிகளின் நுனியைச் சங்கிலி போட்டு மேலே இழுத்துச் சட்டத்தில் பூட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கைப்பிடிகளை நாம் தூக்கினால் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறதல்லவா, அதே வேலைதான். பிக்அப்புக்குப் பின்னால் இரண்டு கைப்பிடிகளைச் செருகி, யாரோ ஒரு பலசாலி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூட ஓடி வருவது போல. பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கு பிக்அப்பின் முன் சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு வீட்டு வண்டியின் சக்கரங்களுக்கும் போய்விடுகிறது. முன் சக்கரம் ரோட்டை நன்றாகப் பிடித்தால் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்கும்.

பேட்டைக்கு வெளியே காலியாக இருந்த ஒரு சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அறுபதைத் தொட்டபோது பின்னால் வண்டி மெல்ல ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். அண்ணன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றது. அவர் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு செலவு பண்ணி வாங்கியும் பழைய ஆட்டம் போகவில்லையே என்று சொன்னார். சனிக்கிழமை இதை இழுத்துக்கொண்டு தைப்பிங் போகவேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் தெரிந்தது.

சுங்கை பினாங்கில் அவர்களுடையது அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. மனைவி கலைவாணி அக்கா, பாயான் பாருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர். ஒரே மகள் யாழினி, வயது இருபத்தாறு. ஆட்டிசம் உள்ளவள். நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் அவள் முதலில் கேட்பது அதுதானாம். எட்டு மணி என்றேன். சரியாக எட்டுக்கு என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாணயமாக என்னை யாரும் வழியனுப்பியதில்லை.

அதற்கு முன்பே அக்கா சொல்லியிருந்தார். யாழினி தன் படுக்கையைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டாள். உறவினர் வீடு, ஓட்டல், எதுவும் நடக்காது. விடிய விடிய நின்றுகொண்டே இருப்பாள், தன் கையைக் கடித்துக்கொள்வாள். அதனால் இருபத்தாறு வருடமாக இந்தக் குடும்பம் ஓர் இரவுகூட வெளியூரில் சேர்ந்து தங்கியதில்லை. கல்யாணம் என்றால் ஒருவர் போவார், ஒருவர் வீட்டில் இருப்பார். அக்காவின் அண்ணன் வீட்டில் மூன்று விசேஷம் நடந்தது. மூன்றிலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

வீட்டு வண்டி வாங்கியது அதற்குத்தான். வேறிடத்தில் அவள் தூங்கமாட்டாள் என்றால், அந்த இடத்தையே கூட்டிக்கொண்டு போவது. ஏறக்குறைய ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் மூன்று பேரும் பட்டறைத் திடலில் போய் அந்த வண்டிக்குள் படுத்திருக்கிறார்கள். எங்கும் போகாமல், வெல்டிங் கழிவுகளுக்கு நடுவில். யாழினிக்குப் பின்பக்கம் கட்டில். அதற்கு அடியில் அவளுடைய சொத்து ஏழு பெட்டி, எல்லாம் பழைய டெலிபோன் டைரக்டரிகள். தூங்குவதற்கு முன்னால் அவள் பக்கங்களைப் புரட்டவேண்டும். மெல்ல மெல்ல அந்தக் கட்டில் அவளுடையதாகிவிட்டது.

பிறகு ஒருநாள் முதல் பயணம் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில், ஜூருவைத் தாண்டியதும், ஒரு லோரி பக்கத்தில் கடந்தபோது வீட்டு வண்டி ஆட ஆரம்பித்தது. ஆடி ஆடி, பிக்அப்பையே இரண்டு பக்கமும் இழுத்தது. எப்படியோ ஓரத்தில் வந்து நின்றார்கள். பின் சீட்டில் இருந்த யாழினி மூன்று நாள் பேசவில்லை. அதற்கப்புறம் வண்டி திடலை விட்டு வெளியே வரவில்லை.

"ஞாயித்துக்கிழம தைப்பிங்ல என் அண்ணன் மவ கல்யாணம்," என்றார் அக்கா. "கடைசி கல்யாணம் அது, அண்ணன் வீட்டுல. இவரு சொல்றாரு இந்த ஹிட்ச் இருந்தா போலாம்னு. நீங்க சொல்லுங்க தங்கச்சி. உங்களுக்கு தெரியுமில்ல?"

இருபது வருட வேலையில் இவ்வளவு பயமாக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆனால் எனக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது. ஜார்ஜ் டவுனில் என்னைக் கொண்டுவிட வந்த வழியில் சேகரன் அண்ணனிடம், அந்தப் பெட்டிகள் ஆரம்பத்திலேயே கட்டிலுக்கு அடியில்தான் இருந்தனவா என்று கேட்டேன். இல்லையாம். முதலில் முன்பக்கம் பெஞ்சுக்கு அடியில் இருந்தன. அப்போது பிக்அப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன் விளக்கின் வெளிச்சம் மரத்து உச்சியில் அடித்ததாம். அதைச் சரிசெய்யத்தான் ஏழையும் தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறார். பிக்அப் நேராக நின்றுவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

பல்லடத்துக்காரருக்கு நான் சொன்ன அதே யோசனை. யாரும் சொல்லாமல் இவருக்கும் தோன்றியிருக்கிறது. வாலில் பாரம் ஏறிய வண்டி நின்றால் அழகாக நிற்கும், ஓடினால் ஆடும். இழுக்கும் கொக்கியின் மேல் போதிய பாரம் இருந்தால்தான் பின்னால் வரும் வண்டி அடங்கி வரும். அந்தப் பாரத்தைப் போட்டால் பிக்அப் தாழும். அந்தத் தாழ்வை எடுத்துவிடத்தான் இந்தக் கம்பிகள். அண்ணன் கம்பியை மாட்டிவிட்டார், பாரத்தைப் பின்னாலேயே விட்டுவிட்டார். மருந்து வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பது போல.

அன்றைக்குத்தான் பல்லடத்துக் கதையை முதல்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். "தெரியாமத்தான சொன்னீங்க. நானும் தெரியாமத்தான செஞ்சேன் லா," என்றார்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. மூன்று பேரும் திடலுக்கு வந்தார்கள். ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்றை வைத்து, அதன் மேல் மரக்கட்டை நிறுத்தி, வீட்டு வண்டியின் மூக்கை அதில் இறக்கிப் பார்த்தோம். ஆயிரத்து இருநூறு கிலோ வண்டிக்கு, மூக்கில் ஐம்பத்தைந்து கிலோதான் இருந்தது. எங்கள் பட்டறைக் கணக்குப்படி இதில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். ஏழு பெட்டியும் முன்னால் வந்தாகவேண்டும்.

யாழினி சாப்பிடப் போகும் நேரத்தில் மாற்றிவிடலாம், கட்டில் துணி கீழே வரை தொங்குகிறது, தெரியவே தெரியாது என்று நான்தான் சொன்னேன். அக்கா தலையாட்டி மறுத்தார்.

"பொய் சொல்லி ஒரு தடவ செய்யலாம். ரெண்டாவது தடவ அவ இந்த வண்டியில காலு வைக்க மாட்டா. வருஷம் பூரா ஒக்காந்து சேத்தது அது."

வெட்கமாக இருந்தது. அக்கா பைக்குள் கையை விட்டு ஒரு சுருள் மஞ்சள் டேப்பை எடுத்தார். அவருடைய தொழிற்சாலையில் தரையெல்லாம் இந்த டேப்தான். குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம், தள்ளுவண்டிக்கு ஒரு கட்டம், துடைப்பத்துக்குக்கூட ஒரு கட்டம். எந்தச் சாமானும் தன் கட்டத்தைவிட்டு வெளியே இருக்கக்கூடாது. கட்டிலுக்கு அடியில் ஏழு கட்டம் ஒட்டி ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதினார். பிறகு முன் பெஞ்சுக்கு அடியிலும் அதைச் சுற்றியும் ஏழு கட்டம், அதே எண்கள். யாழினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வண்டி ஓடுனா இங்க," என்றார் அக்கா, முன்பக்கத்தைக் காட்டி. "தங்குற எடம் வந்தா அங்க. எப்பவும்."

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அண்ணன் வெளியே போய்ச் சும்மாவே டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மூன்று கோப்பைத் தேநீர் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து யாழினி உள்ளே ஏறி, முதல் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து முன் கட்டத்தில் வைத்தாள். திரும்பக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். மறுபடி முன்னால். அந்த ஒரு பெட்டியை மட்டும் நாலைந்து தடவை. அப்புறம் இரண்டாவதை எடுத்தாள். ஏழாவது கட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தது. டேப்பைப் பிய்த்து, நேராக ஒட்டிவிட்டு, பிறகுதான் பெட்டியை வைத்தாள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது தராசு நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. பிக்அப்பில் மாட்டியதும் பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்தது, முன்பக்கம் இரண்டு விரல் எழும்பியது. பழையபடி ஆகிவிட்டதே என்று அண்ணனின் முகம் விழுந்தது. கம்பியைப் போடுங்கள் என்றேன். ஒரு நீளமான குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து, ஒவ்வொரு சங்கிலியாக மேலே இழுத்துப் பூட்டினார். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. குழாய் நழுவினால் கையை முறித்துவிடும். இரண்டாவது கம்பி பூட்டியதும் பிக்அப்பின் பின்பக்கம் கண்ணெதிரே எழுந்தது. முன்பக்கம் இறங்கியது. நான் அளவு டேப் வைத்து அளந்தேன். முன் சக்கர வளைவின் உயரம், வண்டி மாட்டாதபோது இருந்ததற்கு அரை விரல் வித்தியாசத்தில் நின்றது.

பக்கத்தில் பழைய இரும்பு வாங்கும் சீனப் பெரியவரிடம் எடைமேடை இருந்தது. வீட்டு வண்டியை மாட்டாமல் ஒருமுறை, மாட்டிக் கம்பி இல்லாமல் ஒருமுறை, கம்பியோடு ஒருமுறை, அச்சு அச்சாக நிறுத்தினோம். முன் அச்சு இழந்திருந்த பாரத்தில் முக்கால் பங்கு திரும்பி வந்துவிட்டது. பெரியவர் வெளியே வந்து பிக்அப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். அண்ணன் சிரித்தபடி எனக்குச் சொன்னார்: "மொத தடவ வந்தப்ப உன் காடி வானத்த பாத்துச்சு, இன்னிக்கு ரோட்ட பாக்குதுன்னு சொல்றாரு."

குறையும் சொல்லவேண்டும். வண்டி திரும்பும்போது கம்பிகள் எண்ணெய் காணாத இரும்புக் கேட்டைப் போலக் கத்துகின்றன. தூக்கி மாட்டக் கனம். பிக்அப் இழுக்கக்கூடிய அளவை இது ஒரு கிலோகூடக் கூட்டாது. சாமானைத் தப்பாக ஏற்றியவரை இது காப்பாற்றவும் செய்யாது. அதை நேற்றே பார்த்துவிட்டோம். எங்கள் ஊர் வேகத்தடைகளின் மேல் ஏறினால் இந்தக் கம்பிகள் என்ன பாடு படும் என்றும் கவலை இருக்கிறது. ஆனால் காகிதத்தில் எழுதியுள்ளதைக் கண்ணெதிரே இவ்வளவு சுத்தமாகச் செய்து காட்டிய சாமான்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் அதே சாலையில் அறுபது போனோம், எழுபது போனோம். அண்ணன் வேண்டுமென்றே ஸ்டியரிங்கைச் சற்று ஒடித்துப் பார்த்தார். பின்னால் வண்டி ஒருமுறை அசைந்து அடங்கியது.

போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, நானும் கூட வருகிறேன் என்றேன். சொன்னவள் வண்டியில் உட்காரவேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். முன்னால் அண்ணனும் நானும் இருக்கலாம் என்றேன். அக்கா என்னைப் பின் சீட்டில் தன் பக்கத்தில் வரச் சொன்னார். யாழினி ஜன்னல் ஓரம். ஜூரு வந்தது. கண்ணாடியில் ஒரு பெரிய சுற்றுலா பஸ் வருவது தெரிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் பக்கத்தில் வந்தது, காற்று முதலில் எங்களைத் தள்ளியது, பிறகு இழுத்தது. பின்னால் வண்டி ஒரு தோள் குலுக்கல் குலுக்கியது. அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. அண்ணன் எண்பதிலேயே போய்க்கொண்டிருந்தார். அக்கா என் கையை விட இன்னும் ஏழெட்டு லோரி கடக்கவேண்டியிருந்தது.

வழியில் ஓய்விடத்தில் நிறுத்தினோம். யாழினி இறங்கி, வீட்டு வண்டியின் கதவைத் திறந்து, பெட்டிகள் கட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் இருந்தன. அண்ணன் எனக்குச் செண்டோல் வாங்கித் தந்தார். ஐஸ், தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, பச்சை நிறத்தில் புழு மாதிரி மாவுத்துண்டுகள். பார்க்கத் தயக்கம், குடித்தால் நிறுத்த முடியாது. இந்த ஊர்ச் சாப்பாடு எல்லாமே அப்படித்தான்.

தைப்பிங்கில் மழை. கல்யாண மண்டபத்தின் வாசலில் ஒரு சாக்கடைப் பள்ளம், அதைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். பிக்அப் ஏறி, வீட்டு வண்டி இன்னும் பள்ளத்தில் இருந்தபோது, ஹிட்ச் பயங்கரமாக முனகியது. நிறுத்துங்கள் என்றேன். இப்படிப் பள்ளமும் மேடும் சேரும் இடத்தில் கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். மழையில் அண்ணன் கீழே குனிந்து குழாயைப் போட்டார், நான் குடை பிடித்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்த உறவினர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். வீட்டையே இழுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர்களை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

வண்டி மண்டபத்தின் பக்கவாட்டில் நின்றதும் யாழினி ஏழு பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோனாள். யாரையும் உதவிக்கு விடவில்லை. நான் அக்காவின் அண்ணன் வீட்டில் படுத்தேன். படுக்கும் முன் முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். ஹிட்ச் நன்றாக வேலை செய்கிறது, வாங்கலாம். ஆனால் சாமானை எங்கே ஏற்றவேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் இனி ஒரு வண்டியும் நம் பட்டறையைவிட்டுப் போகக்கூடாது. பல்லடத்து வண்டியைப் பற்றி நான் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும், வந்து சொல்கிறேன்.

காலையில் அக்கா பட்டுப்புடவையில் வந்தார். கண் சிவந்திருந்தது. எப்படி என்று கேட்டேன்.

"அஞ்சரை வரைக்கும் தூங்குனா," என்றார். "நாந்தான் தூங்கல. அவ தூங்குறத பாத்துக்கிட்டே இருந்தேன்."

மேளச் சத்தம் யாழினிக்கு ஆகாது. அவளோடு நான் வண்டியில் இருந்துகொள்கிறேன் என்றேன். அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் போவது என்று பேசி முடிவு செய்தே பழகியவர்கள். சேர்ந்து போகவேண்டும் என்றதும் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. மண்டபத்தின் பக்கக் கதவு திறந்திருந்ததால் வண்டிப் படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அக்காவின் அண்ணன் இருவரையும் பார்த்ததும், யாழினியை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா வெளியே கை காட்டினார். அவர் கதவு வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். புருஷனுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார், கடைசியில் படம் எடுப்பவர் வந்து தோளைப் பிடித்து நிறுத்தினார்.

யாழினி என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து டைரக்டரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் எடுத்துவிட்டாள். மழை கூரையில் சீராகப் பெய்துகொண்டிருந்தது.

மத்தியானம் அக்கா இரண்டு இலைப் பொட்டலத்தோடு வந்தார், பின்னால் அண்ணன் பாயசத்தோடு. எனக்கு மூன்று மணிக்கு ரயில். அவர்கள் நான்கு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மறுநாள் காலை அக்காவுக்கு ஷிப்ட். அண்ணன் யாழினியிடம், நாலு மணிக்குப் போகலாம் என்று சொன்னார். அவளுக்கு எதையும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

யாழினி பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "நாளைக்கி," என்றாள்.

"என்னா நாளைக்கி?" என்றார் அக்கா.

"நாளைக்கி போலாம்."

அக்கா பொட்டலங்களைக் கீழே வைத்தார். வண்டிப் படியில் பட்டுப்புடவை நனைவதைப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்துத் தன் சூப்பர்வைசருக்கு அடித்தார். நாளைக்கு வரமுடியாது என்று சொன்னார். அந்தப் பக்கம் உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கவேண்டும்.

"ஒடம்புக்கு ஒன்னும் இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அக்கா. "நாங்க குடும்பத்தோட வெளியூரு வந்திருக்கோம்."